வாங்கப்போகிற மாஸ்டர்

மாஸ்டர் இன்னும் வாங்கவில்லை. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி, பெற்றோல் ஷெட்டில் நாம் காய்ந்து கிடந்தபோது, “இனிமே கரண்ட் வண்டிதான் தம்பி” என்று முதலில் சொன்னவர் அவர். அதைக் கேட்டுப் பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து நான் வாங்கிவிட்டேன். அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்களல்லவா, “திறக்கட்டும்” என்றார். 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். “விலை இறங்கட்டும்” என்கிறார்.

மிதிக்கிற கரண்ட் சைக்கிளா, ஸ்கூட்டரா என்பதுதான் அவருடைய தீராத வழக்கு. சைக்கிள் என்றால் சார்ஜ் தீர்ந்தாலும் மிதித்து வந்துவிடலாமாம். மறுநிமிடமே, “இந்த மலையில மிதிக்க நமக்கென்ன இளவட்டமா?” என்பார். சரி ஸ்கூட்டர் என்றால், “நுவரெலியாவுக்கு மாற்றம் வந்தா? 1868 மீற்றர் உயரம். ஜனவரிப் பனியில பெற்றரி விறைச்சுப் போகுமே!” மாற்றம் கேட்டு அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

இதெல்லாம் போகட்டும். அந்த மேட்டுப் பரிசோதனையைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் லயத்திலிருந்து பெக்டரியைச் சுற்றி மெயின் ரோட்டுக்கு ஏறுகிற பாதையில் தார் இருந்த அடையாளம் மட்டும் இருக்கிறது. காலையில் நான் ஸ்கூட்டரை எடுத்தால் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் குடையோடு நிற்பார். “ஏறுதா பாத்துருவோம் தம்பி.” பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒருமுறை முனகும். பாதி மேட்டில் நடக்கிறவர்கள் எங்களை முந்துவார்கள். மாஸ்டர் காதுக்குள் கணக்கு நடத்துவார்: “ரெண்டு பேரும் வண்டியும் சேர்த்து 240 கிலோ. 100 மீற்றர் தூக்க 65 வாட் மணி போதும். ஏறணுமே!” வண்டி 90, நான் 60. மீதியை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சில்லுக்குள் இருக்கிற மோட்டர் மெதுவாக ஏறும்போது கரண்டை அள்ளி இழுத்துச் சூடாகும் என்று விளக்கியவரும் அவர்தான். மேலே போய் நான் தொட்டுப் பார்க்கிறேன், தோசைக்கல்.

இறக்கத்திலாவது நடந்து வருவாரா? பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறுகிற வண்டிகள் இருக்கின்றன என்று எங்கோ வாசித்துவிட்டார். “நான் பின்னால இருந்தா பாரம் கூட. சார்ஜும் கூட ஏறும்” என்று உட்கார்ந்துவிடுகிறார். என் வண்டியில் அந்த வசதி கிடையாது. பலமுறை சொல்லியாயிற்று.

பொல்லாத மனுசன் இல்லை. டவுனில் இறங்கியதும் பிளேன்டீயும் ரோல்ஸும் அவர் கணக்கு. என் மகளுக்குப் பின்னேரத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. அதனால்தான் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

ஆனால் கரண்ட் பில் என் வீட்டுக்குத்தான் வருகிறது. முன்பெல்லாம் ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடியது, இப்போது அன்றைக்கே தள்ளிக்கொண்டு வருகிறேன். பெற்றரி மாற்றக் கேட்ட விலையில் வீட்டுக்காரிக்கு ஒரு தையல் மெஷின் வாங்கலாம். மாஸ்டரிடம் சொன்னேன். பின்சீற்றில் இருந்தபடியே யோசித்துவிட்டுச் சொன்னார்:

“லெட் எசிட் போட்டுறாதீங்க தம்பி, லிதியம் போடுங்க. இந்த மேட்டுக்கு மொதல்ல பாரத்தைக் குறைக்கணும்.”