ஜீர்ண உலாவி சம்ரக்ஷண விசாரம்

புதிதாக ஒரு வலைத்தளம் படைக்கத் துணிந்தோரை, அதன் பெயர், வர்ணம், விலை முதலியனவெல்லாம் நிர்ணயமான பின்னரும் நித்திரை கொள்ளவொட்டாமல் அலைக்கழிக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. பழைய உலாவியோடு வருபவனையும் உபசரித்து உள்ளே அழைப்பதா, வாசலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவதா என்பதே அது. வேதாந்த விசாரம் செய்தோர்கூட இதனைத் தொடாமல் விட்டமையால், யாமே இதில் இறங்க நேர்ந்தது.

விசாரத்திற்கு உரிய உத்தம உதாரணம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. 2001 ஆகஸ்டில் பிறந்து, விண்டோஸ் எக்ஸ்பியோடு ஒட்டிக்கொண்டே வீடுதோறும் அலுவலகந்தோறும் குடிபுகுந்த இவ்வுலாவி, அடுத்த பதிப்பு 2006 அக்டோபர் வரை வெளிவராமையால், ஐந்தாண்டுக் காலம் ஏகச்சத்திராதிபத்தியம் செலுத்திற்று. அதன் லீலைகளோ அநேகம். பிஎன்ஜி படத்தின் ஒளி ஊடுருவும் பகுதியைச் சாம்பல் திட்டாக்கும். இடப்புறம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடப்பக்கம் விடச் சொன்ன இடைவெளியை இரட்டித்துத் தரும். இவற்றுள் பின்னதற்கு, அப்பெட்டியை ‘இன்லைன்’ என்று அறிவிப்பதே பரிகாரம். மிதக்கும் பெட்டிக்கு அவ்வறிவிப்பு செல்லாது என்பது விதியாதலின், மற்ற உலாவிகள் அதனைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இஃதொன்று மட்டும் குணமடைந்துவிடும். ‘ஜூம்: 1’ என்னும் மற்றொரு மந்திரமோ இன்னும் விசேஷமானது. உள்ளதை உள்ள அளவிலேயே காட்டு என்பதன்றி அதற்கு வேறு பொருளில்லை. ஆயினும் அதை உச்சரித்த மாத்திரத்தில் காணாமற்போன பத்திகள் மீண்டு தோன்றின. இத்தகைய சித்துகளைக் கற்றுத் தேர்ந்த வாலிபர் பலர், கற்றது பயனற்றுப்போகுமே என்ற அச்சத்தால் அவ்வுலாவி நீடூழி வாழ உள்ளூரப் பிரார்த்தித்தனரோ என்பது எமது சந்தேகம்.

‘பழைய உலாவியைக் கைவிட்டால் ஏழை எளியவர் தவிப்பரே’ என்பது பூர்வபட்சம். கருணை மிக்க வாதமே. ஆனால் 2010-இல் இவ்வுலாவியைக் கைவிடுமாறு குடிமக்கள் விண்ணப்பித்தபோது, மாற்றினால் அலுவலக மென்பொருள்கள் அனைத்தையும் மறுபடி சோதிக்கச் செலவாகுமென்று கூறி மறுத்தது பிரிட்டிஷ் அரசாங்கம்! அன்று பழையதை விடாமல் பற்றியிருந்தோருள் பெருந்தனக்காரரே முன்வரிசையில் இருந்தனர் என்பது இதனால் பெறப்படும். 2012-இல் கோகன் என்னும் ஆஸ்திரேலிய வாணிப நிறுவனம், ஏழாம் பதிப்பைக் கொண்டு பொருள் வாங்குவோர்க்கு, அது பிறந்தபின் கழிந்த மாதம் ஒன்றுக்கு 0.1 சதவீதமாக 6.8 சதவீத வரி விதித்தது. வயதுக்கு வரி விதித்த இச்செயலைத் தர்மசாஸ்திரத்தில் சேர்ப்பதா பிரகசனத்தில் சேர்ப்பதா என்பதைப் பிறர் ஆராய்க.

இனிச் சித்தாந்தம். எத்தனை சதவீதத்தினர் வருகின்றனர், எத்தனை நாள் உழைப்பு வீணாகின்றது என்று சபை கூட்டிக் கணக்கிடுவதெல்லாம் சம்பிரதாயமே. ஒருவன் யாரையும் கேளாமல் துணிந்து ஓர் அறிவிப்பை ஒட்டிவிடுவதாலேயே காரியம் முடிகின்றது. 2009-இல் யூடியூப்பின் பொறியாளர் சிலர், மேலதிகாரிகளின் சம்மதமின்றி, ‘உங்கள் உலாவிக்கு எமது ஆதரவு விரைவில் நிற்கும்’ என்ற பட்டையை ஆறாம் பதிப்பினர்க்கு மட்டும் தோன்றும்படி வைத்தனர். என்று நிற்கும் என்பதை வைத்தவர்களே அறியார். அவருள் ஒருவர் பத்தாண்டு கழிந்தபின் எழுதியபடி, விரைந்து வந்த வக்கீல்களுக்கு இருந்த ஆட்சேபம் ஒன்றே: சிபாரிசு செய்யப்பட்ட உலாவிகளுள் சொந்த நிறுவனமான கூகுளின் குரோம் முதலில் நிற்பானேன்? வரிசை ஒவ்வொரு முறையும் தானே மாறும் என்று காட்டியதும், அவர்கள் பரம திருப்தியோடு திரும்பினர். கூகுள் டாக்ஸ் குழுவினரோ, யூடியூப்பார் முறைப்படி அனுமதி பெற்றே செய்திருப்பர் என்று அனுமானப் பிரமாணத்தால் நிச்சயித்து, தாமும் அப்படியே ஒன்றை ஒட்டினர்.