சம்பந்தி வீட்டுக்குப் போறவன் இருமக் கூடாது

வா மாப்ளே, உக்காரு. திண்ணையில தூசின்னு யோசிக்காத, நீ போகப்போற எடத்துல உக்கார இம்புட்டுத் தோதான எடம் கெடைக்காது. உகாண்டாவுக்கு டிக்கெட் போட்டுட்டியாமே, ஒங்க அத்தை சொன்னா. கொரில்லா பாக்கவாம். அய்யனார் கோயில் கொரங்கு ஒன் கையில இருந்த பழத்தைப் பிடுங்கினதுக்கு ஊரே கூடுற மாதிரி அலறினவன் நீ. இப்ப அதோட பெரியப்பனைத் தேடி ஏரோப்ளான் ஏறுற. நல்லாரு.

நான் போயிட்டு வந்தவன்கிறதால கேக்க வந்துருக்க. எம் மவன் கம்பாலாவுல கணக்கு எழுதுற வேலையில இருக்கப் போயி எனக்கு வாய்ச்சுது. அவன் காசு, எங்காலு. அந்தக் காசைச் சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவ. கொரில்லா இருக்குற புவிண்டி காட்டுக்குள்ள வெளிநாட்டான் ஒரு ஆளு நுழைய 800 டாலர். நம்ம காசுக்கு 70,000 பக்கம். பாக்க விடுறது ஒரு மணி நேரம். நிமிசத்துக்கு 1,100 ரூவாய்க்கு மேல ஆகுது. ருவாண்டாப் பக்கம் போனா 1,500 டாலர். நான் வரப்புல உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கிக் காலம் பூராவும் பாத்துக்கிட்டே இருக்கலாம். பாலும் குடுக்கும். எம் மவன்கிட்டச் சொன்னேன், அவன் காது கேக்காத மாதிரி காரை ஓட்டினான்.

மொதல்ல ஊசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி, கிண்டியில போடுறாங்க. போறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே போட்டாகணும். ஒரு மஞ்சள் அட்டை குடுப்பான், பாஸ்போர்ட்டோட வச்சுக்க. எண்டெபேயில எறங்கயில கேப்பான், திரும்பி நம்ம ஊரு வந்து எறங்கயிலயும் கேப்பான். ஒங்க அத்தை இதை மஞ்சக்காமாலைன்னு நெனச்சு எனக்கு ஒரு வாரம் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தா. குடிச்சேன். அவகிட்ட வெளக்கம் சொல்றதைவிட அது கசப்பு கம்மி.

கம்பாலாவுல இருந்து காட்டு வாசலுக்கு ஒரு பகல் முழுக்கக் காரு. நடுவுல பூமத்திய ரேகைன்னு ரோட்டுல ஒரு கோடு போட்டு வச்சிருக்கான், எல்லாரும் ஆளுக்கொரு காலை அங்கிட்டும் இங்கிட்டும் வச்சுப் படம் எடுக்குறாங்க. நீயும் எடுப்ப, எனக்குத் தெரியும். பசிச்சா ரோலெக்ஸ் வாங்கித் தின்னு. கடிகாரம் இல்லலே, சப்பாத்திக்குள்ள முட்டையை வச்சுச் சுருட்டித் தர்றான். ரயில் ரோடு போடப் போன நம்ம நாட்டுச் சனத்தோட போன சப்பாத்தி அது. இன்னைக்கு அங்க தெருமுக்குக்கு ஒரு கல்லு கெடக்கு.

காட்டை நெருங்க நெருங்க மலைதான். அந்தச் சரிவுல உழவு மாடு நிக்காது, ஆடு நின்னாலும் ஒரு காலை மடக்கித்தான் நிக்கணும். அதுல மம்பட்டியாலயே கொத்திக் கிழங்கும் பயறும் போட்டு வச்சிருக்காங்க. சமதரையில நடந்து பழகின கரிசக்காட்டான் நான், வெதைச்ச வெதை உருண்டு கீழ் வீட்டுக்காரன் நெலத்துல மொளைச்சா வெள்ளாமை யாருக்குன்னு கேட்டேன். எம் மவன் மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டான்.

காலையில எல்லாரையும் கூட்டி உக்கார வச்சு வெவரம் சொல்லுவாங்க. இங்கதான் ஒனக்கு ஒரு சூட்சுமம் சொல்றேன், வெளிய சொல்லாத. எட்டு எட்டுப் பேரா பிரிச்சு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒதுக்குவான். ஒரு குடும்பம் பக்கத்துல இருக்கும், ஒரு குடும்பம் மலைக்கு அந்தாண்ட இருக்கும். கெழடுகட்டைக்குப் பக்கத்துக் குடும்பம், காளைக்கன்னுக்குத் தூரத்துக் குடும்பம். எனக்குச் சும்மாவே காலு வலிக்கும், அன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா வலிச்சுது, அவ்வளவுதான் சொல்லுவேன். நீ ஜிம்முக்குப் போயி வளத்த ஒடம்பை இறுக்கிப் பிடிச்ச பனியனுல காட்டிக்கிட்டு நிக்காத. ஒன்னைப் பாத்ததுமே மலை உச்சிக் குடும்பத்தை எழுதிருவான்.

ஆனா நான் போட்ட வேசம் பலிக்கல. அது கட்டிப்போட்ட மாடா? விடியக்காலையிலேயே காட்டாளுக முன்னாடி போயி, மொத நாள் ராத்திரி அதுக எங்க படுத்துச்சோ அந்தக் குழைப் படுக்கையைக் கண்டுபிடிச்சு, அங்கிருந்து தடம் பிடிச்சுப் போறாங்க. ராத்திரிக்கு ராத்திரி புதுப்படுக்கை போடும் அது, நேத்துப் படுத்ததுல இன்னைக்குப் படுக்காது. ‘பக்கத்துக் குடும்பம்’ அன்னைக்கு எந்திரிச்சு நடந்துருச்சு. மூணரை மணி நேரம் ஏறி எறங்கினோம்.

அதுக்கும் முன்னாடி நடந்ததைக் கேளு. காய்ச்ச, சளி, இருமல் உள்ளவனை உள்ள விட மாட்டான். நம்ம சளி அதுகளுக்குக் கொள்ளை நோய். நமக்கும் அதுக்கும் ஒடம்போட எழுத்து நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஒண்ணாம். பாஸ்போர்ட்டு, இன்சூரன்சு, செல்பி எல்லாம் அந்த மிச்ச ரெண்டுக்குள்ளதான் அடக்கம் போல. இது தெரியாம நான் வெத்தலையைக் குதப்பிக்கிட்டே போயி வேலி ஓரமாத் துப்பினேன். வனக்காவக்காரன் பாத்துட்டான். செக்கச்செவேர்னு கெடக்கு. ரத்தமாக் கக்குறான் கெழவன்னு என்னைத் தனியா ஒதுக்கி நிப்பாட்டிட்டான். எம் மவன் இங்கிலீசுல வெத்தலைக்கு என்ன சொல்றதுன்னு முழிக்கான். கடைசியில செல்லப்பெட்டியைத் தொறந்து, வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு மூணையும் காட்டி, அவன் முன்னாடியே இன்னொரு தடவை போட்டுச் செவக்க வச்சுக் காட்டினேன். அவன் சிரிச்சான். பெட்டியை வாங்கி வச்சுக்கிட்டான். காட்டுக்குள்ள துப்பவும் கூடாது, அதுகளுக்குப் பக்கத்துல எதையும் மெல்லவும் கூடாதாம். எனக்கு அது கொரில்லா பாக்குறதைவிடக் கஷ்டமான விரதம்.

கால்சட்டையைக் காலுறைக்குள்ள சொருகிக்க. எறும்பு வரிசை போகும், அது கடிச்சா வேட்டி கட்டினவன் ஆடுற ஆட்டம் இருக்கே, அதையும் படம் பிடிச்சுருவாங்க. கையுறை எடுத்துக்க, அங்க ஒரு செடி இருக்கு, நம்ம செந்தட்டிக்கு அண்ணன். கொரில்லா அதைக் கொத்தோட வாயில போட்டுக் கீரை மாதிரி மெல்லுது.

முக்கியமா, மூட்டை தூக்க ஒரு ஆளு வச்சுக்க. இருபது டாலர் வரும். கஞ்சத்தனம் பண்ணாத. எனக்கு வந்தது ஒரு பொம்பளைப்பிள்ளை, முப்பது வயசு இருக்கும். ஏத்தத்துல முன்னாடி நின்னு கையைப் பிடிச்சு இழுத்தா. வழுக்குற எடத்துல பின்னாடி வந்து முதுகுல கையை வச்சு, சகதியில மாட்டுன வண்டியைத் தள்ளுற மாதிரி தள்ளினா. அப்புறம் முதுகு பத்தலைன்னு இன்னும் கீழ கையை வச்சும் தள்ளினா. இதை ஒங்க அத்தைகிட்டச் சொல்லாத. நடக்கவே முடியாதவங்களுக்கு ‘ஹெலிகாப்டர்’ இருக்குன்னாங்க. நானும் மேல அண்ணாந்து பாத்தேன். பாத்தா மூங்கிலும் கட்டையும் வச்சுக் கட்டின தூக்கு நாற்காலி, மாத்தி மாத்தித் தூக்கப் பத்துப் பன்னெண்டு பேரு. நம்ம ஊருல உயிர் போனபெறகு பண்ணுற மரியாதையை அங்க உயிரோட இருக்கையிலேயே பண்ணுறாங்க.

கிட்டக்கப் போனதும் தடியைக் கீழ போடச் சொல்லுவாங்க, மூட்டையை வைக்கச் சொல்லுவாங்க, மூஞ்சிக்கு மாஸ்க் போடச் சொல்லுவாங்க. இனி நீ சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்கிற, அதை மனசுல வச்சுக்க. சத்தமாப் பேசாத. கை நீட்டிக் காட்டாத. பத்து மீட்டருக்கு அந்தப்பக்கம் நில்லு. அந்தக் குடும்பத்துப் பெரியவரு மொறைச்சா கண்ணைத் தாழ்த்திக்கிட்டு அப்படியே குந்திரு. ஓடுனியோ கெட்ட. மாப்பிள்ளை வீட்டுக்காரன் திமிரையெல்லாம் காட்டுக்கு வெளியவே கழட்டி வச்சுரணும்.

அந்தப் பெரியவரைப் பாத்தேன் மாப்ளே. முதுகு முழுக்க வெள்ளி மாதிரி நரை. பன்னெண்டு வயசு வாக்குல முதுகு நரைக்குமாம், நரைச்சாத்தான் அங்க மதிப்பு. ஒங்கூட்டாளி ஒருத்தன் இருபத்தஞ்சு வயசுல மை பூசிக்கிட்டுத் திரியுறானே, அவன்கிட்டச் சொல்லு. ரெண்டு மூட்டை நெல்லு கனம் இருக்கும் அந்த ஒடம்பு. மல்லாக்கப் படுத்துக்கிட்டு, ஒரு தண்டை ஒடிச்சு, பல்லால தோலைச் சீவி நாரை ஒதுக்கிட்டு உள் குருத்தைத் தின்னுது. ஒங்க ஆச்சி வாழைத்தண்டுல விரலைச் சுத்திச் சுத்தி நாரு எடுப்பாளே, அதே நிதானம். நகத்தைப் பாத்தேன். கருப்பு, தட்டை, ஓரத்துல மண்ணு. என் நகத்தை எடுத்துப் பாத்துக்கிட்டேன், பெரிய வித்தியாசம் இல்ல. வெடக்கிடா நிக்கிற தொழு மாதிரி ஒரு வாடை. ஒரு குட்டி அவரு வயித்து மேல ஏறிக் குட்டிக்கரணம் போடுது, அவரு ஒண்ணும் சொல்லல. நடுவுல நீளமா ஒண்ணு விட்டாரு பாரு, பூராவும் தழை தின்ன வயிறு, எட்டுப் பேருல ஒருத்தன்கூடச் சிரிக்கல. 800 டாலர் குடுத்தவனுக்கு அதுவும் பக்தியாத்தான் இருக்கும் போல. நான் மாஸ்க்குக்குள்ள சிரிச்சேன்.

அப்புறம் தொண்டையில இருந்து ஒரு சத்தம் குடுத்தாரு. ‘ம்ம்ஹ்ம்’னு, ஆழத்துல இருந்து. வழிகாட்டியும் அதே மாதிரி திருப்பிச் சொன்னான். சண்டை இல்ல, நல்லா இருக்கோம்னு அர்த்தமாம். எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. எங்க அய்யா சாப்பிட்டு முடிச்சு இந்தத் திண்ணையில சாய்ஞ்சதும் போடுற செருமல் அது. நாப்பது வருசமாச்சு அந்தச் சத்தம் கேட்டு.

அந்த ஒரு மணி நேரத்துல ஒரு வெள்ளைக்காரன் கேமராவுல இருந்து கண்ணை எடுக்கல. வெளிய வந்ததும் பக்கத்துல இருந்தவன்கிட்ட ‘குட்டி எத்தனை இருந்துச்சு’ன்னு கேக்கான். நீ ட்ரோன் வாங்கிருக்கியாமே, அதை வீட்டுலயே வச்சுட்டுப் போ, விட மாட்டாங்க.

இம்புட்டுக் கட்டுப்பாடு எதுக்குன்னு கேப்ப. ஒலகத்துல மலைக் கொரில்லா மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான். 2018 கணக்குப்படி இந்தக் காட்டுச் சுத்துல 459. 1996ல அதுகளுக்குச் சொறி வந்து முடி கொட்டி, ஒரு குட்டி செத்தே போச்சு. கிளாடிஸ் கலேமா-சிக்குசோகான்னு மாட்டு டாக்டருக்குப் படிச்ச அந்த ஊரு அம்மா போயிப் பாத்து வைத்தியம் பண்ணினாங்க. சொறி எங்கிருந்து வந்துச்சு? கொல்லையில காவலுக்கு நிக்கிற பொம்மைக்குப் போட்ட அழுக்குச் சட்டையில இருந்து வந்துருக்கணும்னு முடிவு பண்ணினாங்க. பொம்மையை என்னன்னு தொட்டுப் பாத்துருக்குக அதுக. அதுக்கப்புறம் அந்த அம்மா, கொரில்லாவுக்கு வைத்தியம் பாக்கணும்னா மொதல்ல பக்கத்துல குடியிருக்குற சனத்துக்குப் பாக்கணும்னு ஊருக்குள்ளயும் சேத்து வேலை செய்றாங்க. அதனால சட்டையைத் துவைச்சுப் போடுலே. ஒன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா.

அந்தக் கொல்லைக்காரன் பாடும் லேசு இல்ல. காடு முடியிற வரப்புல வாழைத்தோட்டம் தொடங்குது. அதுக எறங்கி வந்தா பழத்தை விட்டுட்டு மரத்தைச் சாச்சு தண்டைத் தின்னுட்டுப் போகுது. நமக்குக் காட்டுப்பன்னி மாதிரி அவனுக்கு இது. ஆனா நாம வேட்டு வைக்கிறோம், அவங்க ஊருக்குள்ளயே ஆள் படை வச்சு, நோகாமச் சத்தம் குடுத்துக் காட்டுக்குள்ள திருப்பி விடுறாங்க. நீ கட்டுற டாலர்ல பத்து டாலர் அந்தக் கிராமங்களுக்குப் போகுது, நுழைவுக் காசுல அஞ்சுல ஒரு பங்கும் போகுது. 2020ல கொரோனாவுல பாக்க வர்ற ஆளு நின்னுச்சு. அந்த ஜூன் மாசமே ராஃபிகின்னு பேர்பெத்த பெரியவரை வேட்டைக்குப் போன ஒருத்தன் ஈட்டியால குத்திக் கொன்னுட்டான். பதினோரு வருசம் உள்ள போட்டாங்க அவனை.

இன்னொரு சனம் இருக்கு, பட்வான்னு. ஆதியில இருந்து அந்தக் காட்டுக்குள்ளயே வேட்டையாடித் தேன் எடுத்துக் கெடந்தவங்க. 1991ல காட்டைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்ப வெளிய தள்ளிட்டாங்க, கைக்கு நெலமும் இல்ல. இப்ப காசு வாங்கிக்கிட்டு, முன்னாடி எப்படி இருந்தோம்னு நடிச்சுக் காட்டுறாங்க. என் வயசு ஒரு பெரியவரு ரெண்டு குச்சியை உரசி நெருப்பு எடுத்தாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்குக் கை தட்ட வரல. அவரு பெறந்த வீட்டுக்கு நான் 800 டாலர் குடுத்துப் போயிட்டு வந்துருக்கேன். அவரு நாப்பது அடி தள்ளி நின்னு பாக்காரு. காவக்காரன்கிட்டத் திருப்பி வாங்கின என் செல்லப்பெட்டியை நீட்டினேன், ஒரு பாக்கை எடுத்து மோந்து பாத்துட்டுத் திருப்பி வச்சுட்டாரு.

முடிஞ்சு வெளிய வந்தா ஒரு சர்டிபிகேட் குடுப்பான், கொரில்லாவைப் பாத்ததுக்கு. அந்தா மாட்டிருக்கேன் பாரு, சாமி படத்துக்குப் பக்கத்துல. ஒங்க அத்தை தெனமும் அதுக்கும் சேத்துச் சூடம் காட்டுறா. நான் தடுக்கல.

சரி, கெளம்பு. அந்தா அலமாரியில ஒரு பொட்டலம் இருக்கு, எடுத்துக்க. செவப்புல மஞ்சக் கரை போட்ட சுங்குடிச் சேலை, ஒங்க அத்தை கொடுத்தது. என்னைத் தள்ளிவிட்ட பிள்ளைக்கு. பேரு எனக்கு வாயில நுழையல. நீ வாசல்ல நிக்கிற பொம்பளைப்பிள்ளைகளைப் பாத்து, ‘போன வருசம் சிவப்பாத் துப்புன கெழவனைத் தள்ளுனது யாரு’ன்னு கேட்டு, முதுகுலயும் அப்புறம் அதுக்குக் கீழயும் கையை வச்சுக் காட்டு. எவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாளோ, அவகிட்டக் குடு.