தெப்ராவில் கையடக்க விளையாட்டுக் கருவியின் மணிக்கணக்கு விலை: ஓர் ஆய்வு

கையடக்க விளையாட்டுக் கருவி என்ன விலை என்று மலேசியாவின் தெப்ராவில் எந்தக் குடும்பஸ்தரைக் கேட்டாலும் இரண்டு விலை உண்டு. கடையில் கொடுத்தது ஒன்று, வீட்டில் சொன்னது ஒன்று. இரண்டாவது எப்போதும் குறைவு. ரசீதுகள் மர்மமான முறையில் காணாமற்போவதால், இந்த இடைவெளியை அளக்கும் முயற்சியை இவ்வாய்வு தொடக்கத்திலேயே கைவிடுகிறது.

வரலாற்றுப் பின்னணி சுருக்கமானது. 1989இல் கேம் பாய் 12,500 யென்னுக்கு வந்தது. நாலு பேட்டரி போட்டால் பத்து மணி நேரம் தாண்டியும் ஓடும். மறு ஆண்டு வந்த சேகாவின் கேம் கியருக்கு ஆறு பேட்டரி. நாலைந்து மணி நேரத்தில் மூச்சு நின்றுவிடும். கலர் திரைக்கு ஆசைப்பட்ட பிள்ளையின் தீபாவளி அங்பாவ் பேட்டரியிலேயே கரைய வேண்டியதுதான். பிறகு பேட்டரி போய் மெமரி கார்டு வந்தது. சோனியின் வீட்டா தன் சொந்தக் கார்டைத் தவிர வேறெதையும் தீண்டாது. 2025இல் வந்த ஸ்விட்ச் 2, பழைய ஸ்விட்சின் கார்டில் கேம் ஏற்ற மறுக்கிறது.

ஸ்விட்ச் கேம் அட்டைகளைக் குழந்தைகள் விழுங்காதிருக்க அவற்றில் டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பைப் பூசுகிறார்கள். ஆய்வின் பொருட்டு ஒன்று நக்கிப் பார்க்கப்பட்டது. தே தாரிக் குடித்தும் கசப்பு போகவில்லை.

இனி கோட்பாடு. ஸ்விட்ச் 2 அமெரிக்காவில் 449.99 டாலருக்கு வெளிவந்தது. அன்றைய மாற்றுக்கு ஏறத்தாழ 1,900 வெள்ளி. மலேசியக் குறைந்தபட்சச் சம்பளமோ 1,700. மலைக்க வேண்டாம், விலையை விளையாடும் நேரத்தால் வகுக்க வேண்டும். தெப்ராவிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர், போக வர இரண்டு மணி நேரம் எல்லைப் பாலத்து நெரிசலில் கிடக்கிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 250 வேலை நாள், 500 மணி நேரம். மணிக்கு 3 வெள்ளி 80 காசு! நெரிசல் கூடக் கூடக் கருவி மலிவாகிறது. நீண்ட விடுமுறைக்கு முந்திய மாலையில் மட்டும் விதி பொய்க்கும். பாலம் நகருமுன் சார்ஜ் தீர்ந்துவிடும், பவர் பேங்க் செலவு தனி.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கட்டும்.

ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு, 2026 இறுதியை இலக்காக வைத்துக் கட்டப்படும் ஆர்டிஎஸ் ரயிலில் பயணம் ஐந்தே நிமிடம். போக வரப் பத்து நிமிடம். ஆண்டுக்கு 42 மணி நேரம்கூடத் தேறாது. அதே கருவி மணிக்கு 45 வெள்ளிக்கு மேல் போய்விடும். நாட்டு முன்னேற்றம் குடும்பத்தலைவர்களை எப்படி நசுக்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இக்கணக்கு வீட்டில் சமர்ப்பிக்கப்பட்டபோது எழுந்த ஒரே கேள்வி: "கையில இருக்கிற போன்லயே விளையாடினா மணிக்கு எவ்வளவு வரும்?" அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.