ஆறு மணிக்குள்ள தாண்டிடுங்க

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில் தளியில் எந்த டீக்கடைக்குப் போனாலும் அவர் இருப்பார். பெயர் எதுவாகவும் இருக்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், ஏப்ரலிலும் கழற்றாத ஸ்வெட்டர் உடம்பில் இருக்கும், எதிரே ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். சாய்ந்து நிற்கும். ஓசூரிலிருந்து தென்மேற்கே 25 கிலோமீட்டர் வந்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கார் வேகம் குறையும்போது அவர் முதலில் பார்ப்பது காருக்குள் இருக்கும் முகங்களை அல்ல, நம்பர் பிளேட்டை. கே.ஏ. 51 என்றால் பேச்சு கன்னடத்தில் தொடங்கும். சென்னை வண்டி என்றால் தமிழில், வாக்கியத்துக்கு இரண்டு ‘சார்’ வீதம். டி.என். 70 என்றால் தலையே திரும்பாது. ஓசூர்க்காரனுக்கு வழி சொல்வது அவர் கௌரவத்துக்குக் குறைவு. நடுநடுவே டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கம்மி என்று தெலுங்கில் குறைப்பட்டுக்கொள்வார். சுற்றுலாத் துறை அவரை நியமிக்கவில்லை, வந்தவர்கள் எதையும் கேட்கவுமில்லை. இருந்தாலும் பதில் வந்துகொண்டே இருக்கும்.

இப்படிப்பட்டவரின் பேச்சை எந்த அளவு நம்பலாம் என்பது வெளியூர்க்காரருக்கு நியாயமான கவலை. ‘போய்ப் பாருங்க’ என்று அவர் சொல்வதைக் காதோடு விட்டுவிடலாம், ‘போகாதீங்க’ என்று சொல்வதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. முதல் பாதிக்கு ஆதாரம் ஏராளம். எடுத்ததுமே, “இது லிட்டில் இங்கிலாந்து சார், வெள்ளைக்காரனே வெச்ச பேரு” என்பார். வெள்ளைக்காரன் சொன்னதென்னவோ உண்மைதான். ஆனால் அவன் மெச்சியது குளிரையும் பச்சை மேடுகளையும். அந்தப் பெயரை நம்பி வருபவர் ஓட்டு வீடும் புகைபோக்கியுமாக எதையாவது தேடுவார். கண்ணில் படுவது முட்டைக்கோஸ் தோட்டமும், வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்திய பசுமைக்குடில்களும்தான். அந்தக் குடில்களுக்குள் ரோஜா இருக்கிறது. பிப்ரவரி 14-க்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் ரகம், பெயர் தாஜ்மஹால். இந்திய, இஸ்ரேலிய அரசுகள் சேர்ந்து கொய்மலர்களுக்காக அமைத்த மகத்துவ மையமும் தளியிலேயே இருக்கிறது. “உள்ள போய் போட்டோ எடுத்துக்கங்க” என்று தாராளமாகச் சொல்வார். குடிலின் சொந்தக்காரர் விடமாட்டார். பூச்சியும் பூஞ்சையும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகப் பூட்டி வைத்திருக்கும் இடத்துக்குள், குடும்பத்தோடு வந்து பூவைத் தடவிப் பார்ப்பவரை யார் விடுவார்கள்? அடுத்த பரிந்துரை பெட்டமுகிலாளம், அதற்கடுத்தது அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் “பக்கத்துலதான் சார்” என்ற அவருடைய அளவைக்குள் அரைக் கிலோமீட்டரும் அடங்கும், அரை நாளும் அடங்கும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து காவிரியில் வரத்து கூடினால் ஒகேனக்கலில் பரிசலை நிறுத்திவிடுவார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார். மறதி என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கடைசியாக ஒகேனக்கல் போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். உள்ளூர் அதிசயத்தைப் பார்க்க உள்ளூர்க்காரனுக்கு எங்கே நேரம்? மாம்பழம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் முகம் சுருங்கும். மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி அவருக்கு மாவட்டத் தலைநகரம் என்பதைவிட வெயில் கொளுத்துகிற அந்நிய தேசம். 2004-இல் தருமபுரியிலிருந்து மாவட்டத்தைப் பிரித்தார்கள். குளிர் அடிக்கிற தளியையும் கிருஷ்ணகிரியிலிருந்து பிரித்துவிட்டால்தான் அவருக்கு நிம்மதி.

இதே மனிதர் தடை விதிக்கத் தொடங்கும்போது ஆளே மாறிவிடுவார். குரல் இறங்கும், கையில் இருக்கும் டீ ஆறும். “ஜவளகிரி ரோடா? ஆறு மணிக்குள்ள தாண்டிடுங்க.” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு முழுப் பூகோளம். வடக்கே பன்னர்கட்டா தேசியப் பூங்கா, தெற்கே 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், இடையில் தளியும் ஜவளகிரியும் தேன்கனிக்கோட்டையும். கேழ்வரகு கதிர் முற்றும் அக்டோபர், நவம்பர் வாக்கில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கும். பகலில் காட்டுக்குள் நிற்கும், பொழுது சாய்ந்ததும் ராகிக் காட்டுக்கு வரும். மாநில எல்லையும் சோதனைச் சாவடியும் அவற்றுக்குக் கிடையாது. வனத்துறை ஆட்கள் பட்டாசோடு பின்னால் அலைவார்கள். இதில் நம்மவருடைய நுணுக்கமே தனி. கூட்டமாக வந்தால் அவ்வளவு பயமில்லை, ஒத்தை யானைதான் ஆபத்து என்பார். யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டு ஜனம் கூடும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஆரன் அடிக்காதீர்கள், செல்ஃபி எடுக்க இறங்காதீர்கள் என்பார். வயல் வரப்பில் இருட்டில் கால் வைக்கவே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வார். காட்டுப் பன்றிக்காக யாராவது திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பி இழுத்திருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட அழகிய படம் போட்ட சுற்றுலாக் கையேட்டில் இருக்காது.

சின்ன விலக்குகளிலும் அவர் சோடை போவதில்லை. களியைக் கடிக்காதே, உப்புச்சாற்றில் தொட்டு அப்படியே விழுங்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் ஓசூர் வழியாகப் பெங்களூர் திரும்பாதே. மாநில எல்லையான அத்திப்பள்ளியில் முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேருவாய்.

ஏன் ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு வகைப் பேச்சுக்கு இத்தனை தர வித்தியாசம்? இடத்தைப் புகழ்வது பெருமையிலிருந்து வருகிறது. பெருமைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. விலக்குவது அடிபட்டதிலிருந்து வருகிறது. ராகியை யானைக்குக் கொடுத்தவன் யானையைப் பற்றிச் சும்மா பேசமாட்டான். தமிழில் வழி சொல்லும் இந்தக் கலை இந்த ஆளைவிடப் பழையது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வரும் ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்வதை ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகையாகவே வைத்தார்கள். பத்துப்பாட்டில் பாதி அதுதான். அவற்றுள் 583 அடி கொண்ட மலைபடுகடாம், நன்னனுடைய செங்கண்மாவுக்குப் போகும் வழியைச் சொல்கிறது. கிருஷ்ணகிரிக்குத் தென்கிழக்கே இன்றைக்கும் இருக்கும் செங்கம்தான் அந்த ஊர் என்பார்கள். மன்னனையும் விருந்தையும் புகழ்வதில் அந்தப் புலவர் பெருங்கௌசிகனார் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் வழி என்று வந்தால் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள் என்கிறார். பாம்பு உண்டு என்கிறார். புனத்தில் மேயும் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள்மேல் விழலாம், மறைந்து போங்கள் என்கிறார். பொறி போய்க் கரண்ட் கம்பி வந்திருக்கிறது, கவண் போய்ப் பட்டாசு வந்திருக்கிறது. நேரக் கட்டுப்பாடு மட்டும் விடியலிலிருந்து மாலை ஆறுக்கு நகர்ந்திருக்கிறது. டீக்கடைக்காரருக்குத் தெரியாமலே அவர் கடை பெஞ்சில் ஒரு மரபு உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருக்கிறது.

கைபேசி வரைபடம் இருக்கும்போது இவர் எதற்கு என்று கேட்பார்கள். வரைபடம் குறுகிய பாதையைக் காட்டும், அது காட்டுப் பாதையா என்று கவலைப்படாது. இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பாதையில் நெரிசலே இல்லை என்று நீல நிறத்தில் மகிழ்ச்சியோடு சொல்லும். நெரிசல் ஏன் இல்லை என்பதுதான் டீக்கடையில் கிடைக்கும் தகவல். இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: ஊருக்கு உபதேசம் செய்கிற இவரே ராத்திரி எட்டரைக்கு எக்ஸ்.எல்.லில் அதே ரோட்டில் போகிறாரே! போகிறார்தான். ஆனால் போவதற்கு முன் வனத்துறைச் செய்தி வந்திருக்கும், மச்சானிடம் போனில் பேசியிருப்பார், எந்தக் கூட்டம் எந்த ஏரிப் பக்கம் நிற்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பார். அந்த விசாரணையைச் செய்ய வெளியூர்க்காரருக்கு மச்சான் கிடையாது. அதனால்தான் விதிவிலக்கையெல்லாம் வெட்டிவிட்டு ஆறு மணி என்று மொட்டையாகச் சொல்கிறார். அப்படியும் சில ராத்திரி அவர் கணக்கும் தப்பத்தான் செய்யும். அவருடைய எச்சரிக்கை பொய் என்பதற்கு அது சாட்சியாகாது. மிகைப்படுத்துகிறார், மூன்று யானையை முப்பது ஆக்குகிறார் என்பதையும் மறுக்கவில்லை. மூன்று போதாதா?

இந்த மனிதரின் ஞானத்துக்கு ஒரு எல்லை உண்டு, அது அத்திப்பள்ளியில் இருக்கிறது. உடம்புக்கு முடியாத உறவினரோடு பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் இவர்தான் வெளியூர்க்காரர். சில்க் போர்டு ஜங்ஷனில் இறங்கி, கையில் பழைய மருத்துவச் சீட்டோடு, வழியில் போகிறவரை நிறுத்துவார். பெங்களூர்க்காரரும் ஊர்ப்பற்று உள்ளவர்தான். லால்பாக் பாருங்கள், கப்பன் பார்க் பாருங்கள், இப்போது மெட்ரோ இருக்கிறது என்று ஆசையாகச் சொல்வார். எந்தக் கதவு வழியாகப் போகக்கூடாது, எத்தனை மணிக்கு மேல் போனால் டோக்கன் கிடைக்காது, எந்த ஆட்டோவில் ஏறக்கூடாது என்பதெல்லாம் அவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் இட்லி விற்கிற அம்மாவுக்குத் தெரியும். தளிக்காரர் நேராக அங்கே போய், இட்லி வாங்காமலே விசாரிக்கத் தொடங்குவார்.