டைரக்டர்ஸ் கட் பார்த்தவராக வாழ்வது எப்படி?

இதற்கு நூறு படம் வேண்டாம். ஒன்று போதும். மெல் கிப்ஸன் நடித்து 1999-இல் வந்த 'பேபேக்'கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டாளியோடு சேர்ந்து மனைவியே முதுகில் சுட்டுப்போட்ட போர்ட்டர் என்ற திருடன், பிழைத்து வந்து தன் பங்கான 70,000 டாலரைக் கேட்கிறான். அதற்கு மேல் ஒரு டாலர்கூட வேண்டாம் என்கிறான். அவன் பிடிவாதம் உங்களுக்கும் இருக்கட்டும்.

1. முதலில் தியேட்டரில் வந்த வடிவத்தைப் பாருங்கள். ரசியுங்கள். ரசித்ததை வெளியே சொல்லாதீர்கள்.

2. 2007-இல் டிவிடியாக வந்த இயக்குநரின் 'ஸ்ட்ரெய்ட் அப்' வடிவத்தை வாங்குங்கள். ஊரில் டைரக்டர்ஸ் கட் என்றால் படம் நீளும். இது 100 நிமிடத்திலிருந்து 90 ஆகச் சுருங்கியது. குறைந்த பத்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் இரண்டாம் முறை காசு கொடுக்கிறீர்கள். பெருமைப்படுங்கள்.

3. நண்பர் யாராவது "பேபேக் நல்லா இருக்கும்ல?" என்று வாய் திறந்ததும் பெருமூச்சு விடுங்கள். "நீ பார்த்தது பேபேக்கே இல்ல மச்சான்." ஏன் என்று அவர் கேட்கும்வரை காத்திருங்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

4. சோகக் கதையை ஆரம்பியுங்கள். பிரையன் ஹெல்கலண்டுக்கு இயக்குநராக இது முதல் படம். படம் எடுத்து முடித்த கையோடு, 1998 மார்ச்சில், 'எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்' திரைக்கதைக்காக கர்ட்டிஸ் ஹான்ஸனோடு ஆஸ்கர் வாங்கினார். (அதே மாதம் 'தி போஸ்ட்மேன்' படத்துக்காக மோசமான திரைக்கதைக்கான ராஸி விருதும் கிடைத்தது. அதை முழுங்கிவிடுங்கள்.) கதாநாயகன் இவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவனாக இருந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஸ்டுடியோக்காரர்கள் பயந்தார்கள். டெர்ரி ஹேஸ் திருத்தி எழுதினார். கலை இயக்குநர் ஜான் மைர் ஏறத்தாழ 30 சதவீதத்தைப் புதிதாக எடுத்தார். "செட் போட்டவர்கிட்ட படத்தையே குடுத்துட்டாங்க!" என்று இங்கே குரல் தழுதழுக்க வேண்டும். தியேட்டர் வடிவத்திலும் இயக்கம் என்று ஹெல்கலண்ட் பெயர்தான் வரும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். கண்ணீர் நின்றுவிடும்.

5. இரவுச் சாப்பாட்டு நேரத்தில், சீரியல் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, டிவியைக் கைப்பற்றுங்கள். போர்ட்டர் பிச்சைக்காரனின் காசை எடுக்கும் காட்சியை இரண்டு வடிவத்திலும் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். தியேட்டர் வடிவம் சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி இருக்கும். மற்றது இயல்பான நிறத்தில் இருக்கும். "வித்தியாசம் தெரியுதாம்மா?" என்று கேளுங்கள். "பிச்சைக்காரன் காசை எதுக்குப்பா எடுக்கறான்?" என்பார் அம்மா. பதில் சொல்லாதீர்கள். ஸ்டுடியோவின் கவலையும் ஏறத்தாழ அதுதான்.

6. நாய் வளர்ப்பவர் ஒருவரைத் தேடி அழைத்து வாருங்கள். தியேட்டர் வடிவத்தில் குண்டடி பட்ட நாய் பிழைத்துக்கொள்ளும். இயக்குநர் வடிவத்தில் செத்துப்போகும். அவர் மூக்கைச் சிந்தும் நேரம் பார்த்து, கலையில் சமரசம் கூடாது என்று விளக்குங்கள்.

7. தியேட்டர் வடிவத்தில் கும்பலின் பெரிய தலை பிரான்ஸனாக வந்த கிரிஸ் கிரிஸ்டாஃபர்ஸனைத் திட்டுங்கள். மனிதர் நன்றாகத்தான் செய்திருப்பார். இருந்தாலும் திட்டுங்கள். இயக்குநர் வடிவத்தில் பிரான்ஸன் ஒரு பெண். முகமே கிடையாது, தொலைபேசியில் சாலி கெல்லர்மனின் குரல் மட்டும்தான். அந்தக் குரல் வந்ததும் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்குங்கள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

8. எல்லோரும் தூங்கிய பிறகு தியேட்டர் வடிவத்தைப் போடுங்கள். ஒலியை மூன்றில் வையுங்கள். போர்ட்டரின் கால் விரல்களைச் சுத்தியலால் நசுக்கும் காட்சிக்கு நேராகப் போங்கள். உங்கள் கால் விரல்கள் போர்வைக்குள் தானாக மடங்கும். அடி தாங்காதவன்போல அவன் பொய் முகவரி சொல்லி, மொத்தக் கும்பலையும் வெடிகுண்டு இருக்கும் இடத்துக்கு அனுப்பும்போது தொடையில் தட்டிக்கொள்ளுங்கள், சத்தம் வராமல். இதில் ஒன்றுகூட ஹெல்கலண்ட் வடிவத்தில் கிடையாது. அறைக்கதவு திறந்தால் பதறாதீர்கள். "அந்த நீலம் எவ்வளவு மோசம்னு இன்னொரு தடவை சரிபார்த்துட்டிருந்தேன்."