விழப்போற பல்லு பெரியப்பா

"விழப்போற பல்லுதானே, அதுக்கு எதுக்குடா ரூட் கேனால்?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியப்பா இதைச் சொல்லிவிடுவார். காபி வந்ததும் ஒருமுறை. செலவு எவ்வளவு என்று விசாரித்த பிறகு அதையே துக்கக் குரலில் இன்னொரு முறை. அப்புறம் போனில் மதுரை அத்தைக்கு: "விழப்போற பல்லுக்கு வேர் வைத்தியமாம், கேட்டியா?"

பொய்யில்லை, விழும்தான். முன்பல் 6, 7 வயதில் போய்விடும். கடைசிக் கடைவாய்ப் பால்பல் விழ 10 வயதாவது ஆகும், சிலருக்கு 12. கடைவாய்ப் பால்பல்லில் வேர் வைத்தியம் செய்யவேண்டிய எங்கள் பாப்பாவுக்கு இப்போது 5. "எங்க காலத்துல கதவுல நூலைக் கட்டி ஒரே இழுப்பு!" என்பார். ஆடாத கடைவாய்ப் பல்லில் கட்டி இழுத்தால் கதவுதான் கையோடு வரும்.

அப்படியே பிடுங்கினாலும், அதற்குப் பின்னால் 6 வயதில் முளைக்கும் நிரந்தரப் பல், காலியான பஸ் சீட்டைக் கண்டவர் மாதிரி முன்னே நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியிலிருந்து வரவேண்டிய பல் கோணிக்கொண்டு வரும். இல்லையென்றால் ஈறுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கம்பி கட்ட அலைய வேண்டும். டாக்டர் இதைப் படம் போட்டே விளக்கினார். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தார்.

"படமெல்லாம் நல்லாருக்கு டாக்டர். ஆனா விழப்போற பல்லுதானே?"

அந்த டாக்டருக்குப் பொறுமை அதிகம். விழப்போவது தெரிந்துதான் பெரியவர்களுக்கு அடைக்கும் பொருளை இதில் அடைப்பதில்லை என்றார். பால்பல்லின் வேர் கரையும்போது கூடவே கரைகிற பசையைத்தான் வைப்பார்களாம். துத்தநாக ஆக்சைடு பொடியில் கிராம்புத் தைலத்தின் சத்தைக் குழைத்துச் செய்வதும் அதில் ஒரு வகை.

கிராம்பு என்றதும் பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். "இதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்! ஒரு கிராம்பை வெச்சுக் கடிக்கச் சொல்லுன்னு!"

அவர் நல்ல மனுஷர். பாப்பா அவர் மடியைவிட்டு இறங்காது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தது நாங்கள். தினமும் சாயங்காலம் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தது அவர். வேண்டாம் பெரியப்பா, பல் கெட்டுப்போகும் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்போம்!

"போகட்டும்டா, விழப்போற பல்லுதானே!"