தேர்வச்சத்தின் பட்டா யார் பேரில்?

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பது தொல்காப்பியர் முடிவு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' நுழைவுத்தேர்வு 2008-இல்தான் தொடங்கியது. அது அவர் காலத்தில் இருந்திருந்தால் ஐந்து என்றிருப்பார் என்று சிலர் வாதிடக்கூடும். வாதம் நிற்காது. கண்ணில் படாமலே ஆட்டிவைப்பதால் தரவரிசை அணங்கின்பாற்படும். அனுமதிச் சீட்டையும் முகத்தையும் மாறிமாறிப் பார்க்கும் அறைக் கண்காணிப்பாளர் இறை. கள்வர் யாரென்பதைப் பயிற்சி மையத்தின் கட்டண ரசீதைப் பார்த்தோர் அறிவர். விலங்கை உரையாசிரியர்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். என் சொந்தபந்தங்களும் இதைப் படிப்பார்கள்.

இனி, இந்த அச்சம் யாருக்குச் சொந்தம்? மாணவனுக்கு என்பது மேலோட்டமான பார்வை. டிசம்பர் ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணித் தேர்வுக்கு விடியற்காலை நாலு மணிக்கே குளித்துவிட்டு வந்து நிற்பவர் அப்பா. "பயப்படாம எழுதுடா கண்ணா" என்று அம்மா ஒவ்வோர் இட்லிக்கும் ஒரு தரம் சொல்கிறார். மூன்றாவது இட்லியில் அதுவரை சும்மா இருந்த பையனுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. ஆக, பட்டா பெற்றோர் பேரில். அடங்கலில்தான் பையன் பேர். மூலப்பத்திரம் தேடினால், வக்கீலாக ஆசைப்பட்டு குமாஸ்தாவாகவே ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவிடம் போய் நிற்கும். இதில் தேர்வு நடத்துவோருக்கும் கூட்டுப் பட்டா உண்டு: 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக்குறிப்பை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த வழக்கு, 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்லூரியில் சேருமுன்பே கட்சிக்காரராகிவிட்டால் செய்முறைப் பயிற்சி மிச்சம்.

அச்சத்தால் நேரும் நட்டம் கணக்கிடக்கூடியது. 120 கேள்வி, 120 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. இந்தக் கால் மதிப்பெண்தான் பலரின் கையை நடுங்க வைக்கிறது. நடுங்கிய கை வட்டங்களை வெறுமையாக விடுகிறது. ஒன்றுமே தெரியாத 16 கேள்விக்கு ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கறுப்படித்தால், நான்கில் ஒன்று என்ற கணக்கில் சராசரியாக 4 சரி, 12 தவறு. கழிவு 3. மிச்சம் 1. ஒரு விடையாவது தப்பென்று தெரிந்து ஒதுக்க முடிந்தால் லாபம் இன்னும் கூடும். மூடநம்பிக்கைக்கு எதிராக இவ்வளவு மலிவான நிரூபணம் வேறு கிடைக்காது. ஆனால் பந்துமுனைப் பேனாவால் அடித்ததை அழிக்க முடியாது என்பதால், பகுத்தறிவும் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

அச்சத்தை அறவே ஒழிக்கலாமா? கூடாது. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். சுலபமான பாடத்தை, அதிர்ச்சி ஏற ஏற எலிகள் விரைவாகக் கற்றன. கடினமான பாடத்துக்கு நடுத்தர அதிர்ச்சியே ஒத்துவந்தது. 450 சொல் பத்தியைப் படித்து, யார் யாருக்கு நட்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பது கடினமான பாட வகை. ஆகவே ஓரளவு பயம் தேவை. அந்த அளவு எவ்வளவென்று எலிகள் சொல்லவில்லை.

மிஞ்சியதற்கு மருந்து ஒன்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயங்களைத் தாளில் எழுதித் தீர்த்த பதற்றக்கார மாணவர்கள் மேலான மதிப்பெண் வாங்கினார்கள் என்று ராமிரெஸ், பெய்லாக் இருவரும் கண்டார்கள். நம் நாட்டில் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மனுவை எழுதிக் கொடுத்துவிட்டாலே பாதி நிம்மதி என்பதும், அதை யாரும் படிக்கவேண்டியதில்லை என்பதும் தாலுகா அலுவலகம் போய்வந்த எவருக்கும் தெரியும்.

இந்தச் சலுகை பட்டாதாரர்களுக்கும் நீள வேண்டும். தேர்வு மைய வாசலில் வேப்பமர நிழலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துவிடலாம். இரண்டு மணி நேரம் அவர்களுக்கு வேறு வேலை இல்லை. கழிவு மதிப்பெண்ணும் கிடையாது.